தேசியக் கருவிகள் நிறுவனம், கொல்கத்தா

தேசியக் கருவிகள் நிறுவனம் (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட்) என்பது கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பகுதியில் இயங்கிய இந்திய நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனம் ஆகும். நில அளவைக் கருவிகள், வில்லைகள், இருகண் நோக்கிகள், ஒளிப்படக் கருவிகள் முதலியவற்றை இது உருவாக்கியது. 1830 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவைத் துறைக்காகக் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கணிதக் கருவி அலுவலகமே இதன் முன்னோடியாகும். அவ்வலுவலகத்தின் கருவி வினைஞர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொசின் உசேன் ஆவார்.

== தோற்றம் ==

1802 இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தென்னிந்தியாவின் முக்கோண அளவையைத் தொடங்கினார். இவ்வளவையில் கோணங்களை அளக்கத் தியோடலைட்டு என்னும் கருவி பயன்பட்டது. லாம்டனின் பெரிய தியோடலைட்டு ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மீது ஏற்றும்போது அது கயிறறுந்து சுவரில் மோதிச் சேதமுற்றது. இலண்டனுக்கு அனுப்பிப் பழுது பார்ப்பதென்றால் பல மாதக் கப்பல் பயணம். எனவே லாம்டன் தாமே வினைஞர்களைக் கொண்டு பல வாரங்கள் உழைத்து அதைச் சீர்செய்தார்.

இத்தகைய இடர்ப்பாடுகளே உள்நாட்டில் ஒரு கருவிப் பட்டறை தேவை என்பதை உணர்த்தின எனலாம். 1830 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஜார்ஜ் எவரெஸ்ட், ஹென்றி பாரோ என்னும் கருவி வினைஞரை உடன் கொண்டுவந்தார்.

== மொசின் உசேன் ==

மொசின் உசேன் சென்னையில் ஒரு நகைக்கடையில் பணியாற்றியவர். அவருடைய கைத்திறனைக் கண்ட தலைமை நில அளவையாளர் வாலன்டைன் பிளாக்கர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் அவர் எவரெஸ்ட்டின் கீழ்ப் பணிபுரிந்தார். 1839 இல் பாரோ விலகியபின், பெரிய கருவிகளின் பாகை வட்டங்களை மறுபடியும் பிரித்துக் கோடிடும் பணி மொசினின் கைக்கு வந்தது. 1843 இல் அவர் கணிதக் கருவி வினைஞராக நியமிக்கப்பட்டார்.

வட்டத்தைப் பிரித்துக் கோடிடுவது எளிய வேலையன்று. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உள்ளன. மூன்றடி விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக்குரிய நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் இது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் இலக்கை நோக்கும்போது ஒரு விகலைப் பிழை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்த முக்கோணத்துக்குக் கடத்தப்படும் என்பதால், இமயம் வரை நீண்ட அளவையின் நம்பகம் இத்தகைய கோடுகளைப் பொறுத்தே இருந்தது.

== ஒளியியல் கண்ணாடி ==

உலோக வேலை உள்நாட்டிலேயே கைவந்த பின்னரும் வில்லைக்குரிய கண்ணாடி வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. சன்னல் கண்ணாடியும் ஒளியியல் கண்ணாடியும் அடிப்படையில் மணலை உருக்கிச் செய்யப்படுபவையே எனினும், இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. மணலில் சிறிதளவு இரும்பு கலந்திருந்தாலும் கண்ணாடி பச்சை நிறம் பெறும். உருகிய குழம்பில் கனமான பகுதி கீழேயும் இலேசான பகுதி மேலேயும் தங்கினால், ஒளிவிலகல் எண் இடத்துக்கிடம் மாறி, சர்க்கரைப் பாகு கரையும்போது தண்ணீரில் தெரிவது போன்ற வரிகள் உண்டாகும். நல்ல ஒளியியல் கண்ணாடியில் இவ்வெண் ஐந்தாவது பதின்மத் தானம் வரை ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

இதற்குத் தீர்வு கண்டவர் சுவிட்சர்லாந்தின் பியேர் லூயி கினான். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சுடுகளிமண் கோலால் குழம்பைக் கலக்கும் முறையை உருவாக்கினார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை நெடுங்காலம் தொழில் இரகசியமாகவே காக்கப்பட்டது. 1884 இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் தம் கூட்டாளிகளுடன் தொடங்கிய தொழிற்சாலை புதிய வகைக் கண்ணாடிகளை அறிமுகப்படுத்தியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடி வருவது நின்றபோது பிரித்தானியாவே தட்டுப்பாட்டில் தவித்தது.

இந்தியாவில் இம்முயற்சி ஜாதவ்பூரிலேயே, 1950 இல் திறக்கப்பட்ட நடுவண் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது. வெளிநாடுகள் செய்முறையைத் தர முன்வராத நிலையில், ஆத்மாராம் தலைமையிலான குழு அதைத் தானாகவே உருவாக்கியது. 1960களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது.

== பொதுத்துறைக் காலம் ==

1957 இல் பழைய அலுவலகம் தேசியக் கருவிகள் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. துர்காபூரில் சோவியத் உதவியுடன் அமைந்த மூக்குக்கண்ணாடி வில்லைத் தொழிற்சாலையும் முதலில் இந்நிறுவனத்தின் கீழிருந்து, 1972 இல் பாரத் ஆப்தால்மிக் கிளாஸ் எனத் தனி நிறுவனமாயிற்று. பொதுமக்கள் நினைவில் ஓரளவு எஞ்சியிருப்பது நேஷனல் 35 என்னும் படச்சுருள் ஒளிப்படக் கருவி மட்டுமே. நட்டம் தொடர்ந்ததால் இந்நிறுவனம் நலிந்த தொழில் நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டது. 2009 இல் இதன் வளாகம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திடம் சென்றது.

== வரலாற்றுச் சான்றுகள் ==

தொடக்க காலத்துக்கான முதன்மைச் சான்று ஆர். எச். பிலிமோர் தொகுத்த இந்திய நில அளவைத் துறையின் வரலாற்று ஆவணங்கள் ஆகும். இதன் நான்காம் தொகுதி 1830 முதல் 1843 வரையிலான எவரெஸ்ட் காலத்தைக் கூறுகிறது. எனினும் அதன் நாயகர் எவரெஸ்ட் என்பதால் மொசினைப் பற்றிய செய்திகளை ஆங்காங்கே பொறுக்கி எடுக்க வேண்டியுள்ளது. பொதுத்துறைக் காலத்துக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆண்டறிக்கைகள் உள்ளன. இவை வரவு செலவை விரிவாகக் கூறுமளவுக்குப் பட்டறை வேலையைக் கூறுவதில்லை.

மூன்றாவது சான்று கருவிகளே. கணிதக் கருவி அலுவலகத்தின் பெயர் பொறித்த திசைகாட்டிகளும் சாய்வுமானிகளும் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் காணப்படுகின்றன. பழைய பொறியியல் கல்லூரிகளின் நில அளவை ஆய்வகங்களிலும் இத்தகைய கருவிகள் இருக்கக்கூடும். பெயரும் ஆண்டும் வரிசை எண்ணும் பெரும்பாலும் மூடியிலோ முகப்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். கழிவுப் பொருளாக ஏலம் விடுவதற்கு முன் அவற்றைக் குறித்து வைத்தால், எந்த ஆண்டில் எவ்வகைக் கருவி செய்யப்பட்டது என்ற பட்டியலை உருவாக்க இயலும்.