காரைக்கால் அம்மையாரை எப்படி வரைவது?

தீயவரை வரைவது எளிது. முறுக்கு மீசை, சிவந்த கண், கையில் ஒரு கத்தி. பார்ப்பவருக்கு உடனே விளங்கிவிடும். நல்லவரை வரையத்தான் ஓவியர் திண்டாடுகிறார். நற்குணத்துக்கு நிறமும் இல்லை, ஆயுதமும் இல்லை. ஆகவே பலர் குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறார்கள்: வெளுத்த மேனி, பூசினாற்போன்ற கன்னம், தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம். நாள்காட்டிப் படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதைத்தான். ரெம்பியா வட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் நல்லவரை வரையச் சொன்னால் இளஞ்சிவப்பு வண்ணக்கோலைத் தேடுகிறார்கள், அரக்கனுக்குத்தான் கறுப்பு. பெற்றோர் வெயிலில் கறுத்து உழைப்பதை நாள்தோறும் காணும் பிள்ளைகள் இவர்கள்! நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

இந்தக் குறுக்கு வழி செல்லாத ஓர் இடம் நம் மரபிலேயே உண்டு. புனிதவதியாரின் கதையைப் பெரியபுராணத்தின் வழி நேயர்கள் அறிவீர்கள். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிப் பிரிந்த கணவன், பின்னாளில் அவரைத் தெய்வமென்று தொழுதான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று இறைவனை வேண்டி, தசையை உதறிப் பேயுருப் பெற்றார் அம்மையார். சிற்பி என்ன செய்வார்? அழகாக வடித்தால் கதை பொய்யாகும். வெறும் பேயாக வடித்தால் கும்பிட வந்தவர் மிரண்டுபோவார்.

அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. எலும்பு துருத்துகிறது; மார்பு வற்றித் தொங்குகிறது. சிற்பி எதையும் மறைக்கவில்லை. ஆனால் கால்களை மடக்கி அமர்ந்த அந்த இருப்பில் தளர்ச்சி என்பதே இல்லை. கைகளில் தாளம். கூத்தன் ஆட, அம்மையார் தாளம் போடுகிறார். சற்று நேரம் பார்த்தால் நம் கண் எலும்பை விட்டுவிட்டு அந்தக் கைகளுக்குப் போய்விடுகிறது. முகத்தில் பூச வேண்டிய புனிதத்தைச் சிற்பி செய்கையில் வைத்துவிட்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடவல்லானின் அருகே அம்மையாரைக் காணலாம். தமிழகத்தோடு இது நிற்கவில்லை. கம்போடியாவில் கி.பி. 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரெய் கோயிலிலும், ஆடும் சிவனின் பக்கத்தில் வற்றிய உடலோடு அவர் அமர்ந்திருக்கிறார். கடல் கடந்தும் அவரை யாரும் அழகியாக்கவில்லை.

ஓவியப் பாடத்தில் நாமும் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நல்லவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், அவர் கை எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்போம். பால்மரம் வெட்டும் கையா, சோறு பரிமாறும் கையா? அதை வரைந்து முடித்த பிறகு, எந்த வண்ணக்கோலை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.