தூங்குமூஞ்சி நாடா ஸ்பெயின்?

"மத்தியானம் ஆனா கடையைச் சாத்திட்டுக் குறட்டை விடறான் சார் ஸ்பெயின்காரன்!"

ஐரோப்பா டூர் போய் வருகிற நண்பர்கள் என்னிடம் சொல்லும் முதல் தகவல் இது. இரண்டாவது, "ராத்திரி ஏழு மணிக்கு ஒரு ஓட்டல்லகூட அடுப்பு பத்த வைக்கலை!" இரண்டையும் கூட்டி, 'சோம்பேறிப் பசங்க' என்று பாலன்ஸ் ஷீட் போட்டு விடுகிறார்கள்.

நான் பி.காம். கணக்கு டாலி ஆகாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புரட்டிப் பார்த்ததில், கோளாறு மனிதர்களிடம் இல்லை ஐயா, கடிகாரத்தில்!

மேப்பை எடுங்கள். மாட்ரிட், லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. நியாயமாக இரண்டு ஊரிலும் ஒரே மணி அடிக்க வேண்டும். ஆனால் மாட்ரிட் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உபயம், சர்வாதிகாரி ஃபிராங்கோ. 1940-ல் ஜெர்மனியின் நேரத்தோடு ஒத்துப்போகிற மாதிரி முள்ளைத் திருப்பி வைத்தார். உலக யுத்தம் முடிந்தது. 1975-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். முள் மட்டும் இன்றுவரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை!

கோடையில் இன்னொரு மணி நேரம் கூட்டுகிறார்கள். விளைவு, மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி சுமார் இரண்டேகால். அப்போது அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனமா? நம் தாத்தா மாதிரி வெயிலைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். வடமேற்கே கலீசியாவில் ஜூன் மாதம் பத்து மணிக்குப் பிறகுதான் இருட்டத் தொடங்கும். ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

சரி, அந்தக் குட்டித் தூக்கம்? 'சியஸ்தா' வெயில் கொளுத்தும் கிராமத்துப் பழக்கம். நகரத்து ஆபீஸ்காரருக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க ஏது நேரம்? நீண்ட மதிய இடைவேளைதான் மிச்சம். அதை ஈடுகட்ட, பலருக்கு வேலை முடியவே ராத்திரி ஏழு, எட்டு. பிறகு சாப்பாடு, டி.வி. படுக்கும்போது நடுநிசி. காலையில் குழந்தைக்கு ஸ்கூல்! தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவர்கள் நிஜத்தில் தூக்கத்துக்கு ஏங்குகிறார்கள். 2013-ல் பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று பழைய நேரத்துக்கே திரும்பச் சிபாரிசு செய்தது. 2016-ல் பிரதமர் ரஹோய், ஆறு மணிக்கு வேலையை முடிக்கலாம் என்றார். கடிகாரம் மசியவில்லை.

இது தெரியாத டூரிஸ்ட்டுக்கு நஷ்டம் இரண்டு. ஒன்று, பர்சு. ஏழு மணிப் பசியில், வாசலில் கலர் போட்டோ மாட்டிய கடையில் நுழைந்து 'பாயெல்லா' கேட்பார். அது வலென்சியா பக்கத்துச் சோறு. பாயெல்லா என்பதே அந்த அகலச் சட்டியின் பெயர். கோழி, முயல், பீன்ஸ் போட்டு மதியத்தில் சமைப்பது. ராத்திரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் டூரிஸ்ட்டுக்காகச் சூடு பண்ணியது! புத்திசாலி, மதியம் 'மெனு தெல் தியா' சாப்பிடுவார். நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரி இரண்டு அயிட்டம், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்பு; எல்லாம் சேர்த்து ஒரே விலை.

இரண்டாவது நஷ்டம், நாக்கு. "காரசாரமா இருக்குமாமே!" அது மெக்சிகோ, ஸ்வாமி! மிளகாயை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள்தான். ஆனால் அவர்கள் சமையலில் உறைப்பு குறைவு. 'தோர்த்தியா' என்றால் அங்கே சப்பாத்தி இல்லை, உருளைக்கிழங்கு ஆம்லெட். சைவர்களே, உஷார்! 'இறைச்சி வேண்டாம்' என்றால் சில கடைகளில் பன்றித் தொடைத் துணுக்கு தூவி வரும். அது அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது!

"எல்லாரும் காளைச் சண்டைப் பைத்தியமாமே?" கானரித் தீவுகள் 1991-லேயே தடை போட்டன. பார்சலோனாவில் கடைசியாக நடந்தது 2011-ல். மாநிலத் தடையைக் கோர்ட் 2016-ல் ரத்து செய்தும், மறுபடி நடக்கவில்லை. நம் ஜல்லிக்கட்டோடு ஒப்பிடாதீர்கள். இங்கே காளை வீடு திரும்பும். அங்கே அநேகமாகத் திரும்பாது.

ஸ்பெயின் போனால் கைக்கடிகாரத்தை நம்பிப் பசிக்காதீர்கள். வானத்தைப் பாருங்கள். அங்கே சரியான மணி காட்டுவது சூரியன் ஒன்றுதான்!