தடை வைக்கும் கலை

கோல்ஃப் என்றதும் பரந்த புல்வெளியும் பணக்காரர் பொழுதுபோக்கும்தான் நம் நினைவுக்கு வரும். அதன் கடைசிக் கட்டத்தை, அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழச் செய்வதை மட்டும், தனியே பிரித்தெடுத்து அமைத்த விளையாட்டே மினி கோல்ஃப். சில மீட்டர் நீளத் தடம், இருபுறமும் தாழ்ந்த சுவர், நடுவே ஒரு தடை, முடிவில் குழி. இவ்வளவே ஆடுகளம்.

அமெரிக்காவில் கார்னெட் கார்ட்டர் என்பவர் 1920களின் இறுதியில் 'டாம் தம்ப்' என்ற பெயரில் இதைப் பரப்பினார். 1930இல் அங்கே ஆயிரக்கணக்கான திடல்கள் முளைத்தன. மோகம் தணிந்ததும் பெரும்பாலானவை மறைந்தன. 1954இல் டான் கிளேட்டன் என்பவர் அதே நாட்டின் ஃபேயட்வில் நகரில் வேறு வழியில் தொடங்கினார். காற்றாலை முதலிய வேடிக்கைப் பொருள்களை அவர் ஒதுக்கினார். சரியாக ஆடுபவர் எந்தக் குழியையும் இரண்டே அடியில் முடிக்கலாம் என்பது அவர் வகுத்த கணக்கு.

தடை என்பது திறமையைச் சோதிக்க வேண்டுமா, சிரிப்பூட்டினால் போதுமா? ஒரே அடியை இருமுறை அடித்தால் ஒரே விளைவு வர வேண்டும். இல்லையேல் அது சீட்டுக் குலுக்கலே என்பது என் கருத்து.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசிகளை நட்டுச் சமதள ஆடிச் சோதனை செய்திருக்கிறோம் அல்லவா? அதுவே இங்கும் வழிகாட்டி. குழியை ஒரு தடுப்பு மறைத்தால், பக்கச் சுவரை ஆடியாகக் கொண்டு, அதற்குப் பின்னால் தெரியும் குழியின் பிம்பத்தை நோக்கி அடிக்க வேண்டும். ஒரு திருத்தம் உண்டு. மோதும்போது சுவர் வேகத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், பந்து சுவரோடு சற்று ஒட்டியே திரும்பும். ஆகவே கணக்கிட்ட புள்ளிக்குக் கொஞ்சம் முன்பாகவே சுவரைத் தொட வேண்டும். கேரம் ஆடுவோர் இதைப் படிக்காமலே அறிவர்!

வட்ட வளையம் இன்னும் கண்டிப்பானது. 25 செ.மீ. ஆரமுள்ள வளையத்தை உருளும் பந்து முழுதாகச் சுற்றிவர, அதன் அடியில் வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகமாவது வேண்டும். குறைந்தால் உச்சியை எட்டுமுன் விழும். சுற்றி வெளியே வந்த பின்னும் அந்த வேகம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். எனவே குழியை வளையத்தின் வாயிலேயே வைப்பது அமைப்பாளரின் பிழை.

காற்றாலையும் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. நான்கு இறக்கைகள் நிமிடத்துக்கு 10 சுற்றுச் சுழன்றால், 1.5 வினாடிக்கு ஒருமுறை வழி மறையும். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 2 மீட்டர் தொலைவிலிருந்து அடித்தால், வேகம் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் நேரம் 0.1 வினாடியே மாறும். அது திறமைக்கு உட்பட்டது. 8 மீட்டரிலிருந்து என்றால் பிழை 0.4 வினாடி, அப்புறம் அதிர்ஷ்டந்தான். சுழற்சி மோட்டாரால் சீராக நடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி மட்டை. பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை திருகிக்கொள்ளும், குறி தப்பும். இதற்கு மருந்து நிலைமத் திருப்புத்திறனில் இருக்கிறது. எடையை நடுவில் குவிக்காமல் இரு ஓரங்களுக்கும் பகிர்ந்தால் திருகுவது கடினமாகும். கோல்ஃப் மட்டையில் இதைச் செய்து 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர். பந்தை அடிக்கும்போது எழுந்த ஓசையையே அம்மட்டைக்குப் பெயராக வைத்துவிட்டார்: 'பிங்'.