அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நம் ஊர் லாட்ஜ்களில் நெடுங்காலமாக ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெட்டிகளை ரிசப்ஷனில் இறக்கியதும் குடும்பத்தில் மூத்தவர், "ரூமை ஒரு தடவை பாத்துடலாமா தம்பி?" என்று கேட்பார். ரூம் பாய் சாவியோடு முன்னால் நடப்பார். பின்னாலேயே போகும் பெண்கள் மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் அட்வான்ஸ். பிடிக்காவிட்டால் அடுத்த அறை, அதுவும் சரியில்லை என்றால் அடுத்த லாட்ஜ். மதுரையில் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் இந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் கைபேசியில் அறை பிடிக்கப் பழகிய பிறகு வரிசை தலைகீழாகிவிட்டது. பணம் முதலில் போகிறது, அறை பிறகுதான் கண்ணில் படுகிறது. படத்தில் விசாலமாகத் தெரிந்த அறையில் பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருப்பதில்லை. இலவச வைஃபை, பெரிய டி.வி., லிஃப்ட், பார்க்கிங், ரூம் சர்வீஸ் என்று நீளும் வசதிப் பட்டியலில், 'இரவு தூக்கம் வருமா?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது.

விடுதியில் நாம் விலை கொடுத்து வாங்குவது மூன்றே மூன்று: ஓர் இரவுத் தூக்கம், காலையில் நிம்மதியான குளியல், உயிருக்கும் உடைமைக்கும் பத்திரம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் எளிய லாட்ஜும் நல்ல விடுதிதான். அமையாவிட்டால் பளிங்குத் தரையும் சரவிளக்கும் இருந்து என்ன பயன்? ஆகவே, ஒரு விடுதியை எடைபோட வேண்டிய இடம் வரவேற்பறை இல்லை, நாம் படுக்கப்போகும் அறை.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒன்று முதல் ஐந்து வரையிலும், அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்றும் விடுதிகளைத் தரம் பிரிக்கிறது. இது கட்டாயம் இல்லை. விரும்பும் விடுதிகள் விண்ணப்பித்தால், குழு நேரில் வந்து பார்த்துத் தகுதி வழங்கும். அது 5 ஆண்டுகள் செல்லும். குறைந்தது 10 அறைகளாவது இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். எனவே நட்சத்திரம் இல்லாத விடுதி மட்டமான விடுதி என்று முடிவுகட்டத் தேவையில்லை. நம் ஊர்களில் நல்ல பெயரோடு நடக்கும் லாட்ஜ்கள் பல அந்தப் பக்கமே போனதில்லை.

அறையின் பரப்பளவு எவ்வளவு, லிஃப்ட் உண்டா, உணவகம் உண்டா என்று இந்தத் தகுதி விடுதியின் கட்டமைப்பைச் சொல்லும். இன்று உங்களுக்குக் கொடுத்திருக்கும் அறையின் ஏசி வடிகட்டியைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்பதைச் சொல்லாது. முன்பதிவுத் தளங்களில் தெரியும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் அரசு தந்தவையும் அல்ல. அங்கே நமக்குப் பயன்படுவது தங்கிப் போனவர்கள் எழுதிய குறிப்புகள்தான். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து நிறுத்திவிடாமல், கடைசி சில மாதங்களில் வந்த குறைகளைப் படியுங்கள். வெவ்வேறு மாதங்களில் தங்கிய மூன்று பேர், 'வெந்நீர் வரவில்லை' என்று எழுதியிருந்தால் நாளைக்கும் வராது. விடுதி போட்ட படங்களை ஒதுக்கிவிட்டு, விருந்தினர்கள் எடுத்த குளியலறைப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

மெத்தையில் தொடங்குங்கள்

அறைக்குள் போனதும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். பூட்டிக் கிடந்த ஈர வாடை சுவரில் நீர் இறங்குவதைக் காட்டும். ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தால், அது எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து மெத்தை. விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலையும் கட்டிலின் தலைப்பலகை இடுக்கையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகளோ துரு நிறக் கறையோ இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். அழுக்கான இடத்தில்தான் மூட்டைப்பூச்சி வரும் என்பது தவறான எண்ணம். அது பயணிகளின் பெட்டியிலும் துணியிலும் ஏறி ஊர் விட்டு ஊர் போகும். விலை கூடிய விடுதிக்கும் அதனால் விதிவிலக்கு இல்லை. உணவே இல்லாமல் மாதக்கணக்கில் அது உயிரோடு இருக்கும். சோதித்து முடிக்கும் வரை பெட்டியைக் கட்டில்மேல் வைக்க வேண்டாம், குளியலறையின் டைல்ஸ் தரையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால், வீடு திரும்பியதும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும்.

விரிப்பு வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். 1999-ல் அமெரிக்காவின் வெஸ்டின் விடுதிகள் 'ஹெவன்லி பெட்' என்ற பெயரில் முழுக்க வெள்ளையான படுக்கையை அறிமுகம் செய்தன. மற்ற விடுதிகளும் அந்த வழியில் போயின. வெள்ளைத் துணியில் கறையை மறைக்க முடியாது என்பதால் விருந்தினருக்கு அது ஒரு உத்தரவாதம். அடர்நிறப் பூப்போட்ட விரிப்பு போட்டிருந்தால், துவைத்ததா என்று கேட்கலாம். மாற்றித் தரச் சொல்லலாம். உலகத்துக்கே படுக்கை விரிப்பு அனுப்பும் கரூர் நம் மாநிலத்தில் இருக்கிறது. துவைத்த விரிப்பு ஒன்றை இங்கே கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் கவனிக்க வேண்டியது கம்பளி. விரிப்பை ஆளுக்கு ஆள் மாற்றினாலும், கனமான கம்பளியை எல்லா இடத்திலும் அப்படித் துவைப்பதில்லை. கூடுதலாக ஒரு விரிப்பு வாங்கி, கம்பளிக்கு அடியில் உடம்பில் படும்படி போர்த்திக்கொள்ளுங்கள்.

வெந்நீர் எப்போது வரும்?

நம் லாட்ஜ்களில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. '24 மணி நேர வெந்நீர்' என்று பலகையில் எழுதியிருக்கும். விசாரித்தால் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரைதான் வரும் என்பார்கள். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்த இடங்களில், முதலில் குளிக்கிறவர்களுக்குச் சூடாகவும் கடைசியில் வருகிறவர்களுக்கு ஆறியும் வரும். குளியலறையிலேயே ஹீட்டர் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள். 3 லிட்டர் ஹீட்டரில் ஒரு பக்கெட் நிறையக் காத்திருக்க வேண்டும். நான்கு பேர் விடியலில் தரிசனத்துக்குக் கிளம்ப வேண்டுமென்றால் 15 லிட்டராவது வேண்டும்.

ஊருக்கு ஊர் தேவை மாறும். ராமேஸ்வரத்தில் கடலில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரம் சொட்டச் சொட்ட அறைக்குத் திரும்பும் குடும்பத்துக்கு எது வசதி? துணி காயப்போட ஒரு கொடி, நாலைந்து கொக்கி, உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். அங்கே பெரிய டி.வி.யைவிட இவை பெரிது. குற்றாலத்தில் சீசனுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் இரவெல்லாம் கிரிவலம் சுற்றிவிட்டு வருகிறவருக்கு, நண்பகலில் அறையைக் காலி செய்யச் சொல்லாத 24 மணி நேர செக்-அவுட்தான் முதல் வசதி. வந்த வேலைக்கு உதவுவதுதான் வசதி. மற்றதெல்லாம் அலங்காரம்.

பல நாள் ஆள் தங்காத அறை என்று தோன்றினால், குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட்டு வெளியே நின்றுகொள்ளுங்கள். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விடுதியில் மாநாட்டுக்குக் கூடியவர்களைத் தாக்கிய காய்ச்சலிலிருந்துதான் 'லீஜியோனேர்ஸ் நோய்' என்ற பெயரே பிறந்தது. தேங்கி, வெதுவெதுப்பாகக் கிடக்கும் நீரில் வளரும் பாக்டீரியா அதற்குக் காரணம். நீர்த்திவலையோடு அது மூச்சில் ஏறும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தூங்கும் அறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. கிசுகிசுப்பின் அளவு அது. பேருந்து நிலையம் எதிரில், ஏர் ஹாரன் விடிய விடிய அலறும் இடத்தில் இதற்கு வாய்ப்பே இல்லை. அறை கேட்கும்போதே, "ரோட்டுப் பக்கம் வேண்டாம், உள்பக்கம் குடுங்க" என்று சொல்லுங்கள். லிஃப்டை ஒட்டிய அறை, ஜெனரேட்டருக்கு மேலுள்ள அறை, சமையற்கூடத்தின் புகைபோக்கிப் பக்கத்து அறை ஆகியவற்றைத் தவிருங்கள். கீழே கல்யாண மண்டபம் இருக்கும் விடுதியில் முகூர்த்த நாளா என்று விசாரியுங்கள். விடியலிலேயே மேளம் தொடங்கிவிடும்.

ஏசியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கடகடவென்ற சத்தம் அப்போதே தெரிந்துவிடும். ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா, திறந்தால் காற்று வருகிறதா, கட்டிலுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட் உண்டா என்பதையும் அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கதவும் படிக்கட்டும்

2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் டெல்லி கரோல் பாக் பகுதியின் அர்பித் பேலஸ் விடுதியில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். நடைவழிகளில் பதித்திருந்த மரப்பலகைகளில் தீ பரவியதால் அந்த வழியே தப்பிக்க முடியாமல் போனது. பகலில் பார்க்கிறவருக்கு அழகாகத் தெரிந்த பலகைகள் அவை.

அதனால் பெட்டியை வைத்த கையோடு நடைவழியில் ஒருமுறை நடந்து வாருங்கள். லிஃப்ட் தவிர இறங்க வேறு படிக்கட்டு எங்கே இருக்கிறது? அதில் பழைய மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்களா? கதவைப் பூட்டியிருக்கிறார்களா? உங்கள் அறையிலிருந்து அந்தப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி வைத்துக்கொண்டால் புகையில் தடவிக்கொண்டே போகலாம். அறையில் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் மட்டுமே இருந்தால், வேறு அறை கேளுங்கள்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் உள்தாழ்ப்பாள், கதவின் பார்வைத்துளை, பக்கத்து அறைக்குத் திறக்கும் இணைப்புக் கதவு மூன்றையும் பார்க்க வேண்டும். ரிசப்ஷனில் பிறர் காதில் விழ அறை எண்ணைச் சொல்லாத விடுதி, விருந்தினரின் பாதுகாப்பைப் புரிந்துகொண்ட விடுதி. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே அதை இறக்கிக்கொள்ளலாம்.

கோயில் பயணத்தில் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ கூட வருவார்கள். வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத தரை, குளியலறை வாசலில் தடுக்காத படி, இரவில் எரியும் சின்ன விளக்கு: இவ்வளவும் செய்ய ஆகும் செலவு கொஞ்சம்தான். இவற்றைச் செய்து வைத்திருக்கும் விடுதி உங்கள் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறது.

பில்லைப் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். 'டாக்ஸ் தனி' என்று சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். உணவு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

டிரைவர் எங்கே தூங்குகிறார்?

விடுதியை எடைபோட நான் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. என் கணக்கில் இதுதான் முக்கியமானதும்கூட. வாடகைக் காரில் போகிறோம். நமக்கு ஏசி அறை. அடுத்த நாள் மலைப்பாதையில் நம் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறவர், காரின் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் படுத்திருக்கிறார். 2023-ல் தமிழ்நாடு அரசு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் திருத்தம் செய்து, விடுதிகளில் ஓட்டுநர்கள் தங்க இடமும் கழிப்பறை, குளியல் வசதியும் வேண்டும் என்று கொண்டுவந்தது. அது விதி. நடைமுறைக்கு வரவேண்டுமானால் விருந்தினர்களாகிய நாம் முன்பதிவின்போதே, "டிரைவருக்கு ரூம் உண்டா?" என்று கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் கூடக்கூட, இல்லை என்று சொல்லும் விடுதிகள் குறையும்.

அறையைப் பெருக்கும் அம்மாவுக்கும் ரூம் பாய்க்கும் இது பொருந்தும். ஓர் ஆள் தலையில் அளவுக்கு மீறிய அறைகளைக் கட்டினால், எந்த அறையும் உருப்படியாகச் சுத்தமாகாது. வேலை செய்கிறவர்களை மரியாதையாக நடத்தும் விடுதியில்தான் விருந்தினருக்கும் நல்ல இரவு கிடைக்கும். கிளம்பும்போது அறையை ஓரளவு ஒழுங்காக விட்டுவிட்டு, முடிந்ததை அவர்கள் கையிலேயே கொடுப்பது நம் பங்கு.

குறை இருந்தால் வீட்டுக்கு வந்து புலம்பாமல், அங்கேயே, அன்றே மேனேஜரிடம் சொல்லுங்கள். மாற்று அறை கேளுங்கள். சரிசெய்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'சூப்பர்', 'மோசம்' என்ற ஒற்றைச் சொல்லால் அடுத்து வருகிறவருக்குப் பயன் இல்லை. வெந்நீர் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்க அறை அமைதியானது, பாட்டியால் படி ஏற முடிந்ததா, டிரைவருக்குப் படுக்கை கிடைத்ததா என்று எழுதுங்கள். விருந்தினர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினால், விடுதி நடத்துகிறவர்களும் சரவிளக்குக்குச் செலவிடும் பணத்தை மெத்தைக்கும் தண்ணீருக்கும் திருப்புவார்கள்.