வினாவை விடுக்க உரியவர் யார்?

நம் வீடுகளிலே காணி பிரிக்கும் பேச்சு எழுந்தால், எவருக்கு எவ்வளவு என்பதற்கு முன்னரே, 'அந்தப் பேச்சை எடுக்க நீ யார்?' என்ற பிணக்கு வந்துவிடும். ஸ்கொத்லாந்துக்கும் இலண்டனுக்கும் இடையில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒன்றானபோது இரு நாட்டுப் பாராளுமன்றங்களுமே அதனைத் தீர்மானித்தன. குடிமக்களிடம் எவரும் வாக்குக் கேட்டாரல்லர். (அவ்வாறு கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1998-ஆம் ஆண்டுச் சட்டம் எடின்பரோவில் மீண்டும் ஒரு பாராளுமன்றத்துக்கு வழிசெய்தது. கல்வி, சுகாதாரம் முதலியன அதன் கைக்கு வந்தன. இரு இராச்சியங்களின் ஒன்றியம் என்ற பொருளோ இலண்டன் வசமே நிறுத்தப்பட்டது.

அங்ஙனமாயின், 2014 செப்டெம்பர் 18-ஆம் திகதி பிரிவினை பற்றிய சர்வசன வாக்கெடுப்பு எவ்வாறு நடைபெற்றது என்று வாசகர் வினவலாம். இலண்டன் இசைந்தமையாலேயே நடைபெற்றது. 2012 ஒக்டோபரில் பிரதமர் கமரோனும் ஸ்கொத்லாந்து முதலமைச்சர் சால்மண்டும் உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். அதன்படி அதிகாரம் எடின்பரோவுக்கு இரவலாகக் கிடைத்தது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 55 பேர் பிரிய வேண்டாம் என்றனர். இரவலும் அவ்வாண்டு இறுதியோடு தீர்ந்தது.

2016-இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்க வாக்களித்தது. ஸ்கொத்லாந்திலோ நூற்றுக்கு 62 பேர் நீங்க வேண்டாம் என்றிருந்தனர். பழைய வினா மீண்டும் தலையெடுத்தது. இம்முறை இலண்டன் இசையவில்லை. வழக்கு அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. வாக்கெடுப்பு வெறும் கருத்தறியும் செயலே, அதனால் ஒன்றியம் தானாகக் குலைந்துவிடாது என்று வாதிடப்பட்டது. 2022 நவெம்பர் 23-ஆம் திகதி ஐந்து நீதியரசரும் ஒருமித்து அதனை மறுத்தனர். மக்களின் முடிவு சட்டத்தாற் கட்டுப்படுத்தாவிடினும், ஒன்றியத்தின் நியாயத்தை வலுப்படுத்தவோ தளர்த்தவோ செய்யும். ஆகவே அது இலண்டனுக்குரிய பொருளே என்பது அவர்கள் துணிபு.

சட்டத்தின் சொற்களை நோக்கின் தீர்ப்புச் சரியே என்பது நம் கருத்து. எனினும் ஒரு முள் உறுத்துகின்றது. ஒன்றியம் இசைவால் நிற்பது என்பர். அவ்விசைவை மீளப்பெற விரும்புவோர் எவ்வாயிலைத் தட்டுவது? வட அயர்லாந்துக்கு 1998-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் வழி கூறுகின்றது: பெரும்பாலோர் ஐக்கிய அயர்லாந்தை விரும்பி வாக்களிப்பர் என்று தோன்றுமாயின், அதற்குரிய இலண்டன் அமைச்சர் வாக்கெடுப்புக்குக் கட்டளையிட வேண்டும், ஒருமுறை நடந்தால் ஏழாண்டு கழியாமல் மறுமுறை ஆகாது. ஸ்கொத்லாந்தின் சட்டத்திலோ அத்தகைய வரி ஒன்றுதானும் எழுதப்படவில்லை.