உஷார்! பெயர் ஒன்று, சரக்கு வேறு

மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டைப் பக்கம் புற்றுநோய்க்காரர் இருக்கும் வீடுகளுக்கு அவசரமாக ஒரு சொல். "இம்யூனோதெரபி மருந்து நெட்டில் மலிவு, எடுப்பித்துத் தாரேன்" என்று யாராவது ஒரு சின்னக் குப்பியை நீட்டினால் காசை வெளியே எடுக்காதீர்கள். முதலில் லேபிள்! 'பிடி-1', 'பிடி-எல்1' என்று பெயர் போட்டு, கீழே பொடி எழுத்தில் 'ரிசர்ச் யூஸ் ஒன்லி' (ஆய்வுக்கு மட்டும்) என்றிருந்தால் அது மருந்தே இல்லை.

நம் உடம்பின் காவல்காரன் டி செல். அவனுக்குள்ள பிரேக் பிடி-1. புற்றுக்கட்டி தன்னிடமுள்ள பிடி-எல்1ஐ வைத்து அந்தப் பிரேக்கை மிதித்து அவனை நிறுத்திவிடும். பிடி-1ஐக் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோவும், இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். டொக்டர் எழுதும் கீட்ரூடா, அந்தப் பிரேக்கை மிதிக்கவிடாத எதிர்ப்பொருள். ஆய்வுகூடக் குப்பியில் இருப்பதோ அந்தப் பிரேக், இல்லாவிட்டால் அதை மிதிக்கும் பிடி-எல்1! ஜீனை வேறு செல்லுக்குள் புகுத்தி வளர்த்து, வடித்து, உலர்த்திய புரதம். புது மருந்து அதில் ஒட்டுகிறதா என்று தட்டில் போட்டுப் பார்ப்பதற்காகச் செய்தது.

அளவையும் பாருங்கள். அந்தக் குப்பியில் பெரும்பாலும் 100 மைக்ரோகிராம்தான். பெரியவர்களுக்குக் கீட்ரூடா வழக்கமாக மூன்று கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். கணக்குப் போட்டால் இரண்டாயிரம் மடங்கு! மனித உடம்பில் ஏற்றுவதற்கான பரிசோதனை எதுவும் அந்தப் புரதத்துக்கு நடந்ததில்லை. ஸ்பைஸ் கார்டனில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி ஏமாந்தால் காசோடு போகும். இது நரம்பில் ஏறுவது.

சரி, குப்பியில் கீட்ரூடா என்றே இருந்தால்? அப்போதும் பொறுங்கள். 2024 மார்ச்சில் டெல்லிப் பொலிஸ் பிடித்த கும்பல், அசல் கீட்ரூடாவினதும் அதே வகை மருந்தான ஒப்டைட்டாவினதும் வெற்றுக் குப்பிகளைச் சேர்த்துப் பூஞ்சை மருந்தை நிரப்பி விற்றிருக்கிறது. பிடிபட்டவர்களில் ஆஸ்பத்திரி மருந்தகங்களில் வேலை செய்தவர்களும் உண்டு! "தெரிந்த ஆள்தான் தந்தார்" என்பதெல்லாம் இந்த வியாபாரத்தில் செல்லாது. நம் நாடும் தப்பவில்லை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவே 2024 பெப்ரவரியில் கைதானார்.

ஆகவே கண்டிப் பெரியாஸ்பத்திரியிலோ மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ உங்களைப் பார்க்கும் புற்றுநோய் டொக்டரிடம் குப்பியைக் காட்டாமல் ஒரு சொட்டும் ஏற்ற வேண்டாம். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்த மருந்தா என்று கேளுங்கள். பில், பெட்டி, தொகுதி இலக்கம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வெட்கப்பட்டு வீசிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அசல் மருந்தை ஏற்றி முடித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது: குப்பி இப்படியான கும்பலுக்கு உதவாதபடி அதன் லேபிளை உங்கள் கண் முன்னால் கிழித்துவிடச் சொல்லுங்கள்.