ஜே.சி.பி-யைக் கூப்பிடும் முன்… மண், மரம், கிணறு மூன்றையும் கணக்கெடுங்கள்!

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, சூளகிரி என எந்தச் சாலையில் போனாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம் ரோஜா, தக்காளி, கேழ்வரகு. மறுபக்கம் செம்மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் ஜே.சி.பி. நேற்றுவரை விளைந்த காட்டில் இன்று சுண்ணாம்புக்கோடு போட்டிருக்கிறார்கள்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று மாவட்டத்தின் மற்ற வட்டாரங்களுக்கும் ஆலைகள் பரவிவிட்டன. இந்த வளர்ச்சிக்கு நிலம் கொடுக்க எல்லோரும் தயாராக இல்லை. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள், விளைநிலத்தைச் சிப்காட்டுக்கு எடுக்கக் கூடாது என்று 2023-ம் ஆண்டில் தொடர் போராட்டமே நடத்தினார்கள்.

இன்னொரு பக்கம், விவசாயிகளே தங்கள் நிலத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடு, சாலையோரம் குடோன், மகனுக்குத் தனி வீடு. அதற்காகப் பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பழைய ஓட்டு வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் இடிக்கிறார்கள்.

சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. ஆனால், அந்த ஒரு நாளில் கைவிட்டுப் போவதில் பல திரும்பி வராதவை. ஜே.சி.பி. வருவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

முதலில் காகிதம்

பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புலப்படத்தில் உங்கள் நிலத்தின் அளவு மட்டுமல்லாமல், பக்கத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை இருந்தால் அதுவும் தெரியும். எல்லைக்கல் காணவில்லை என்றால், சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஜே.சி.பி. வாளியில் ஒரு எல்லைக்கல் பெயர்ந்தால், பங்காளிச் சண்டை பத்து வருஷத்துக்கு ஓடும்.

அடுத்தது அனுமதி. விவசாய நிலத்தில் கட்டடம் கட்ட, நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவை. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நிலங்களுக்கு 2017-ம் ஆண்டு விதிகள் பொருந்தும். ஓசூரைச் சுற்றியுள்ள திட்டப் பகுதி என்றால், ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமத்தில் விசாரிக்க வேண்டும். நஞ்சை என்றால் நடைமுறை இன்னும் கடினம். '2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று போதும்' என்ற திட்டம் 2024 ஜூலையில் வந்தது. ஆனால் அது மனைக்கான வசதி. விவசாய நிலமாகவே இருக்கும் இடத்துக்கு முதலில் பயன்பாடு மாற வேண்டும். அனுமதி வரும்வரை நிலம் நிலமாகவே இருக்கட்டும். ஒரு போகம் கொள்ளாவது விளையும்.

எண்ணுங்கள், படம் எடுங்கள்

'சுத்தம் பண்ணி வெச்சா நல்ல விலைக்குப் போகும்' என்று தரகர் சொன்னதும், மாமரங்களை வெட்டி, கிணற்றை மூடி, கொட்டகையைத் தள்ளிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்படலாம் என்ற பேச்சு இருக்கும் ஊரில், இது பெரிய நஷ்டத்தில் முடியும்.

2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, இழப்பீடு என்பது மண்ணுக்கு மட்டுமல்ல. அதன் மேல் உள்ள மரம், கிணறு, வீடு, மோட்டார் அறை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்புப் போட வேண்டும். கட்டடத்தைப் பொறியாளரும், மரங்களை வேளாண்மை, தோட்டக்கலை, வனத்துறை அனுபவம் உள்ளவர்களும் மதிப்பிடலாம். நில மதிப்பையும் இந்தச் சொத்துகளின் மதிப்பையும் கூட்டி, அந்தத் தொகைக்கு இணையாக 100 சதவிகிதம் ஆறுதல் தொகையும் தர வேண்டும். 10,000 ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட மரத்துக்குக் கையில் வருவது 20,000 ரூபாய். முன்கூட்டியே வெட்டிய மரத்துக்கு மதிப்பே கிடையாது.

எனவே, நிலத்தை நீங்களே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றாலும், ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். எந்த மரம், எத்தனை, என்ன வயது, கிணற்றின் ஆழம், கட்டடத்தின் நீள அகலம் என்று எழுதி, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் மரங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பதியச் சொல்லி மனு கொடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் அலைச்சல்தான்.

அரை அடி மண்ணின் அருமை

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அதில் மேலே உள்ள அரை அடி மண் மட்டும் 2,178 கன அடி. ஏறக்குறைய 22 யூனிட். ஒரு டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் 22 நடை. தலைமுறை தலைமுறையாக எருவும் இலைதழையும் போட்டு வளர்த்த மண் அது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள்வரை ஆகலாம் என்கிறது ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு. அரை அடி என்பது 15 சென்டிமீட்டர்.

கட்டடத்துக்கு இந்த மண்ணால் பயனில்லை. மக்கும் பொருள் நிறைந்த மேல்மண் அமுங்கிக்கொடுக்கும் என்பதால், அஸ்திவாரத்துக்கு அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால், பலரும் அதை அடிமண்ணோடும் சரளையோடும் சேர்த்து அள்ளி, பள்ளத்தில் கொட்டிவிடுகிறார்கள். வயலில் இருந்தால் பயிர் தரும் மண், பள்ளத்தில் வெறும் நிரப்பு மண்ணாகப் போகிறது.

செய்ய வேண்டியது எளிது. மண் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, முதல் அரை அடியை மட்டும் தனியாக வழிக்கச் சொல்லுங்கள். நிறம் மாறி, சரளை தெரியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். எடுத்த மண்ணை மீதமுள்ள நிலத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மழைக்கு முன் உழுதுவிடலாம். உடனே பரப்ப முடியாவிட்டால், ஐந்தாறு அடி உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, அதன் மேல் சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு என ஏதாவது விதைத்துவிடுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழையில் கரையாது. குவியலின் மேல் வண்டி ஏற விடாதீர்கள்.

உங்கள் நிலத்துக்குள்ளேயே மண்ணை மாற்றிப் போடுவது வேறு. வெளியே ஏற்றி விற்பது வேறு. கனிமவளத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் மண் ஏற்றிப் போனால், வண்டி காவல் நிலையத்தில் நிற்கும்.

மரத்தை இனாமாகக் கொடுக்காதீர்கள்

'மரத்தை நாங்களே எடுத்துட்டுப் போயிடுறோம், வெட்டுக்கூலி வேண்டாம்' என்று சொல்லும் ஆட்களிடம் கவனமாக இருங்கள். முற்றிய புளிய மரம், கறி வெட்டும் கட்டைக்குப் போகும். மாமரம், பெட்டி செய்யவும் சென்ட்ரிங் பலகைக்கும் போகும். இரண்டு, மூன்று வியாபாரிகளைக் கூப்பிட்டு விலை கேட்ட பிறகு கொடுங்கள். சந்தன மரம் இருந்தால், அது பட்டா நிலத்திலேயே இருந்தாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. வேறு மரங்களிலும் சந்தேகம் இருந்தால், வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வெட்டிய மரத்தின் தூரை விட்டுவைத்து, அதன் மேல் தளம் போடக் கூடாது. வேர் மக்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தரை இறங்கும். கரையானும் அங்கிருந்துதான் ஏறும். சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். எனவே, தூரோடு பெயர்த்து எடுக்க வேண்டும். பெயர்த்த குழியை அரையடி, அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு நிரப்புங்கள். எல்லையோர மரங்கள் கட்டடத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் நிற்கட்டும். தகரக்கூரை போட்ட லைன் வீட்டுக்கு மேற்கே ஒரு புங்கன் நின்றால், குடியிருப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

கிணறும் தண்ணீர் வழியும்

பாழடைந்த கிணற்றைக் குப்பையும் இடிபாடும் கொட்டி மூடுவது இரட்டைத் தவறு. நிலத்தடி நீர் கெடும். மேலே கட்டும் கட்டடமும் பிற்பாடு இறங்கும். கிணற்றைத் தவிர்த்துக் கட்டடத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். கூரை மழைநீரை வடிகட்டி அதில் விட்டால், அதே கிணறு நிலத்தடி நீரை ஊற வைக்கும்.

தண்ணீர் வற்றிய போர்வெல்லைத் திறந்தபடி விடவே கூடாது. 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையைப் பறிகொடுத்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நிலத்தைச் சுத்தம் செய்யும்போதுதான் மூடிகள் பெயர்கின்றன. புதர் மறைத்த குழாய்கள் வெளியே வருகின்றன. வேலை தொடங்கும் முன்பே போர்வெல் இருக்கும் இடத்தில் கொடி நட்டு, இரும்பு மூடி போட்டு வெல்டிங் வையுங்கள். இனி தேவையே இல்லை என்றால், அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்பிவிடுங்கள்.

நிலத்தில் மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். வறண்ட ஓடை எல்லாருக்கும் சும்மா கிடக்கும் பள்ளமாகத்தான் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெருக்கெடுத்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்களை இழுத்துப் போனது. மண்ணும் இடிபாடும் கொட்டி ஓடையை அடைத்தால், தண்ணீர் உங்கள் புது வீட்டுக்கோ, பக்கத்துக் காட்டுக்கோதான் வரும். ஏரி வரத்து வாய்க்காலை ஆக்கிரமித்தால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அகற்றவும் முடியும்.

மேலிருந்து கீழே

பழைய வீட்டை இடிப்பதற்கு ஒரே விதிதான். கட்டிய வரிசைக்குத் தலைகீழாக இடிக்க வேண்டும். முதலில் மின்வாரிய ஊழியரை வரவழைத்து இணைப்பைத் துண்டியுங்கள். நீங்களே ஒயரை வெட்ட வேண்டாம். பிறகு கதவு, ஜன்னல். அடுத்து ஓடுகள். ஒரு பக்கத்தை முழுவதும் இறக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், முகட்டிலிருந்து இரு பக்கமும் சமமாக இறக்க வேண்டும். பின்பு சட்டம், உத்திரம். கடைசியாகச் சுவர், அதுவும் மேலிருந்து வரிவரியாக. அடிச்சுவரைக் குடைந்து மொத்தமாகத் தள்ளுவது, ஆள் மேல் சுவர் விழுவதற்கான வழி. மழையில் ஊறிய மண்சுவரின் அருகே போகவே கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அந்த வீட்டாரிடம் பேசி, முட்டுக் கொடுத்த பிறகே கை வையுங்கள். குழந்தைகளும் ஆடு, மாடுகளும் வராதபடி கயிறு கட்டுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் தூசியில் உள்ள நுண்ணிழை, நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஷீட்டை உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். மூக்கில் துண்டு கட்டுவது போதாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைத் தடுக்கும் தரமுள்ள முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளை ஜே.சி.பி. ஏற்றி நொறுக்க விடாதீர்கள். ஷீட்டின் மேல் ஏறி நிற்கவும் கூடாது, திடீரென்று உடைந்துவிடும்.

இடித்ததில் குப்பை என்பது கொஞ்சம்தான். கல்தூண், கற்பலகை, உத்திரம், கதவு எல்லாம் மறுபடி பயன்படும், விலைக்கும் போகும். சிமென்ட் கலக்காத மண்சுவர் மண்ணும், மாட்டுக்கொட்டகைத் தரை மண்ணும் வயலுக்குத்தான் போக வேண்டும். செங்கல், காங்கிரீட் உடைசலை வண்டிப்பாதைக்குப் போடலாம். கண்ணாடி, பிளாஸ்டிக், இரும்பைத் தனியே பிரியுங்கள். இடிபாட்டைச் சாலையிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது என்று, 2016-ல் வந்த மத்திய அரசு விதிகளே சொல்லியிருந்தன.

அடிக்கடி எழும் கேள்விகள்

விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து கட்டட வேலைக்குத் தண்ணீர் எடுக்கலாமா?
கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும். கட்டட வேலைக்குத் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மீறினால் அபராதம் வரும்.

தோண்டும்போது பாறை வந்துவிட்டது. வெடி வைக்கலாமா?
உரிமம் பெற்றவர் மட்டுமே வெடி வைக்கலாம். பக்கத்தில் வீடு, கிணறு இருந்தால் வெடியே வேண்டாம். பொறியாளரைக் கேட்டால், உறுதியான பாறையின் மேலேயே அஸ்திவாரம் அமைக்க வழி சொல்வார். ஓசூர்ப் பக்கம் இது புதிதல்ல.

பழைய வீட்டை இடித்ததை யாரிடம் சொல்ல வேண்டும்?
ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, வீட்டு வரிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால், இல்லாத வீட்டுக்கு வரி பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஜே.சி.பி. ஓட்டுநரிடம் என்ன சொல்ல வேண்டும்?
வாயால் சொன்னால் போதாது. எந்த மரம் நிற்க வேண்டும், மண்ணை எங்கே குவிக்க வேண்டும், போர்வெல் எங்கே என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டுங்கள். வேலை முடியும்வரை வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மணிக் கணக்கில் வாடகை ஓடுவதால், அவருக்கும் உங்களுக்கும் அவசரம் இருக்கும். அந்த அவசரத்தில்தான் எல்லைக்கல்லும் மேல்மண்ணும் போகின்றன.

கட்டடம் கட்டுவது தப்பில்லை. வாடகை வருமானம், விலை கிடைக்காத தக்காளிப் பட்டத்தில் குடும்பத்தைத் தாங்கும். பத்து சென்டில் கட்டடம் எழும்போது, அந்தப் பத்து சென்டின் மேல்மண் மீதி நிலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நிலத்தின் அளவு குறைந்தாலும் வளம் குறையாது.